இருமலுக்குள் ஒளிந்த எழுத்து

1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 20 பேரை உட்காரவைத்து ஓர் ஆங்கில வாக்கியத்தை ஒலிக்கவிட்டார். மாநில ஆளுநர்கள் தத்தம் சட்டமன்றத்தாரைத் தலைநகரில் சந்தித்தார்கள் என்பது அதன் பொருள். சுவாரசியம் ஏதுமில்லாத செய்தித்தாள் வாக்கியம்தான். ஆனால் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவே வரும் 'ஸ்' ஒலியை அவர் நாடாவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டியிருந்தார். வாக்கியம் முடிந்ததும், ஏதாவது ஒலி விடுபட்டிருந்ததா என்று கேட்டார். 19 பேர் இல்லை என்றார்கள். மீதி ஒருவர் ஆமாம் என்றாலும், விடுபட்டதாக வேறோர் ஒலியைச் சொன்னார். இருமல் சரியாக எந்த இடத்தில் வந்தது என்பதைக்கூட அவர்களால் குறித்துக் காட்ட முடியவில்லை. யாரோ இருமினார்கள், சொல்லோ முழுசாகத்தான் இருந்தது என்பதே அவர்கள் காது சொன்ன சாட்சி.

அவர்கள் பொய் சொல்லவில்லை. இல்லாத 'ஸ்' அவர்களுக்கு உண்மையிலேயே கேட்டது. காது கொண்டுவந்து கொடுக்கும் துண்டு துணுக்குகளை வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள ஓட்டைகளை மூளை தானே அடைத்துவிடுகிறது. அடைப்பதற்கான சரக்கு அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது: ஆயிரமாயிரம் சொற்கள், அவை அடுத்தடுத்து வரும் வழக்கம், உலகத்தைப் பற்றிய பொது அறிவு.

இந்த 20 பேரை மனத்தில் வைத்துக்கொண்டு, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு நடக்கும் அறை ஒன்றுக்குள் போகலாம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முன்னால் 40 கேள்விகள், சுமார் 30 நிமிடம், நான்கு பகுதிகள். முதல் பகுதியில் யாரோ தொலைபேசியில் அறை பதிவு செய்வார்கள். நான்காவதில் பேராசிரியர் ஒருவர் பாடம் நடத்துவார். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். மூன்றாவது கேள்விக்கான விடை ஏதோ ஒரு முணுமுணுப்பாகக் கடந்துபோகிறது. 'என்ன சொன்னார்?' என்று அவள் யோசிக்கும் இரண்டு விநாடிக்குள் நான்காவது விடையும் போய்விடுகிறது. வெளியே வந்ததும் எல்லாரும் சொல்லும் வாக்கியத்தையே அவளும் சொல்கிறாள்: ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள்.

வேகம் மட்டுமே காரணம் என்றால் மெதுவாகக் கேட்டுப் பழகி, படிப்படியாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். பலர் அப்படித்தான் பழகுகிறார்கள், பலன் குறைவாகவே கிடைக்கிறது. உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இர்வின் பொல்லாக், ஜே. எம். பிக்கெட் என்ற இருவர் இயல்பான ஆங்கிலப் பேச்சைப் பதிவுசெய்து, அதிலிருந்து தனித்தனிச் சொற்களை வெட்டி எடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அவர்களால் ஏறக்குறையப் பாதிச் சொற்களைத்தான் அடையாளம் காண முடிந்தது. அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்துக் கேட்டபோதோ எல்லாம் தெளிவாக இருந்தது. அகராதியில் இருக்கும் உருவத்தில் சொற்கள் பேச்சில் வருவதே இல்லை.

தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பள்ளியில் புணர்ச்சி படித்தவர்கள் நாம். இரண்டு சொற்கள் சந்திக்கும்போது மூன்று விதமான மாற்றங்கள் நடக்கலாம் என்று நன்னூல் வகுத்து வைத்திருக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். வாழையும் பழமும் சேர்ந்தால் நடுவே ஒரு 'ப்' தோன்றும். மரத்தோடு 'கள்' சேர்ந்தால் 'ம்' திரிந்து 'ங்' ஆகும். மரமும் வேரும் சேர்ந்தால் 'ம்' கெட்டு மரவேர் என்றாகும். இம்மூன்றும் ஆங்கிலப் பேச்சில் அப்படியே நடக்கின்றன. 'டென் கப்ஸ்' என்பதை இயல்பாகச் சொல்லும்போது 'டெங் கப்ஸ்' ஆகிறது. மரங்களில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது: ககரத்தைச் சொல்ல நாக்கு முன்கூட்டியே பின்னுக்குப் போய்விடுகிறது. 'நெக்ஸ்ட் டே' என்பதில் ஒரு 'ட்' கெட்டு 'நெக்ஸ்டே' என்றாகிறது. பிரிட்டன்காரர்கள் பலர் 'லா அண்ட் ஆர்டர்' என்று சொல்லும்போது, எழுத்தில் எங்கேயும் இல்லாத ஒரு 'ர்' தோன்றி 'லாரண்டார்டர்' என்று ஒலிக்கிறது.

ஒரே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழ் தன் புணர்ச்சியின் பெரும்பகுதியை எழுத்திலேயே காட்டிவிடும். ஆங்கிலம் மறைத்து வைக்கும். 'டென் கப்ஸ்' என்று எழுதியதைப் படித்தே ஆங்கிலம் கற்றவருக்கு, 'டெங் கப்ஸ்' என்று காதில் விழுவது புதுச்சொல்லாகத் தெரிகிறது. சொல்வளம் போதவில்லை என்று எண்ணி அவர் அகராதியைப் புரட்டப் போகிறார். அவருக்குத் தெரியாத சொல் அங்கே எதுவும் இல்லை. தெரிந்த சொல்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

உயிரொலிகளின் கதை இன்னும் கொஞ்சம் நுட்பமானது. 'பாட்டு', 'நாடு' போன்ற சொற்களின் கடைசி உகரத்தை நாம் முழுசாக ஒலிப்பதில்லை. உதடு குவியாமல், பாதியில் விட்டுவிடுகிறோம். ஒரு மாத்திரை பெறவேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதால் அதைக் குற்றியலுகரம் என்று தொல்காப்பியர் காலத்திலிருந்தே பெயரிட்டு அழைத்துவருகிறோம். ஆங்கிலம் இந்த வேலையை உகரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. அழுத்தம் விழாத அசைகளில் ஏறக்குறைய எல்லா உயிரும் தேய்ந்து 'அ' போன்ற ஒரு மங்கலான ஒலியாகிவிடும். 'பனானா'வின் முதல் உயிரும் கடைசி உயிரும் அந்த மங்கல் ஒலிதான். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலியும் அதுவே. 'டு', 'ஆஃப்', 'ஃபார்', 'ஹேவ்' போன்ற சின்னச் சொற்கள் வாக்கியத்துக்குள் போனதும் பெரும்பாலும் இந்த மங்கலாகத்தான் மிஞ்சுகின்றன.

இதனால் வரும் பிழைகளில் ஒன்று தேர்விலும் வாழ்விலும் விலை அதிகமானது. 'கேன்' என்றால் முடியும், 'கான்ட்' என்றால் முடியாது. இரண்டையும் பிரித்தறிய நம்மவர்கள் கடைசியில் வரும் 'ட்' ஒலிக்காகக் காத்திருப்பார்கள். பேச்சில் அந்த 'ட்' பெரும்பாலும் விழுங்கப்படும். தாய்மொழிக்காரர் அதற்காகக் காத்திருப்பதே இல்லை, அவர் கவனிப்பது நடுவிலுள்ள உயிரை. 'முடியும்' என்பதில் உயிர் தேய்ந்து 'க்ன்' என்று நொடியில் ஓடிவிடும். 'முடியாது' என்பதில் உயிர் முழுசாக, அழுத்தத்தோடு நிற்கும். மருத்துவமனையில் நோயாளி ஒருவர் கையைத் தூக்க முடியும் என்றாரா, முடியாது என்றாரா என்பது இந்த ஓர் உயிரில் இருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தை மாற்றிக்கொண்டால் போதும், காது பழகிவிடும். ஆனால் இடத்தை யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும்.

சொற்களுக்கு இடையே எழுத்தில் இருக்கும் இடைவெளி பேச்சில் கிடையாது என்பது அடுத்த தடை. இடைவெளியே இல்லாத ஒலிச்சரத்தை ஆங்கிலேயர் எப்படி வெட்டுகிறார்கள்? இதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் ஆன் கட்லர், ஆஸ்திரேலியாவில் பிறந்து நெதர்லாந்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். ஆங்கில உரையாடலில் வரும் பொருளுள்ள சொற்களில் ஏறக்குறைய 90 சதவீதம் அழுத்தமான அசையில்தான் தொடங்குகின்றன என்று அவரும் டேவிட் கார்ட்டரும் 1987-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆகவே அழுத்தமான அசை ஒன்று வந்ததுமே, புதுச்சொல் தொடங்குகிறது என்று ஆங்கிலக் காது பந்தயம் கட்டிவிடுகிறது.

பந்தயம் சில வேளை தோற்கும். கட்லரும் சாலி பட்டர்ஃபீல்டும் மிக மெல்லிய ஒலியில் சொற்றொடர்களை ஒலிக்கவிட்டு, என்ன கேட்டது என்று எழுதச் சொன்னார்கள். 'கண்டக்ட் அசெண்ட்ஸ் அப்ஹில்' என்பதைக் கேட்ட ஒருவர் 'த டாக்டர் செண்ட்ஸ் த பில்' என்று எழுதிக் கொடுத்தார். மலையேற்றம் மருத்துவரின் கட்டண ரசீதாகிவிட்டது! பிழையைக் கூர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 'டக்', 'செண்ட்', 'ஹில்' என்ற அழுத்தமான அசைகள் மூன்றும் அவர் காதில் புதுச்சொற்களின் தொடக்கங்களாகியிருக்கின்றன. அழுத்தம் விழாதவற்றில் இரண்டு 'த' என்ற சின்னச் சொல்லாகச் சுருங்கியிருக்கின்றன. தாய்மொழிக்காரர் தவறாகக் கேட்கும்போதுகூட ஆங்கிலத்தின் தாளத்தில்தான் தவறு செய்கிறார். தமிழில் அசைகள் ஏறக்குறைய சமமான எடையோடு நடைபோடுவதால், இந்தப் பந்தயம் நமக்குப் பிறவியிலேயே வருவதில்லை. வளர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எப்படி வளர்ப்பது? கோச்சிங் சென்டர்களில் வழக்கமாக நடப்பது மாக் டெஸ்ட். ஒன்றை எழுதி, விடைத்தாளோடு ஒப்பிட்டு, 40-க்கு 24 என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவார்கள். கேட்டல் பயிற்சியைப் பற்றி நெடுநாள் எழுதிவந்த ஜான் ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இந்த வழக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். விடை சரியா தவறா என்பது கேட்டலின் விளைவை மட்டுமே காட்டுகிறது, தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்பதைக் காட்டுவதில்லை என்பது அவர் வாதம். அவர் சொன்னது முழுக்கச் சரி என்றே தோன்றுகிறது. ஒலி பிடிபடாததால் தவறியதும், சொல் தெரியாததால் தவறியதும், எல்லாம் புரிந்தும் கேள்வியைத் தவறாகப் படித்ததால் தவறியதும் விடைத்தாளில் ஒரே மாதிரியான சிவப்புச் சுழிதான்.

அந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் பழைய கருவி ஒன்று உண்டு: சொல்வதெழுதுதல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்றவர்களுக்காகத் தன் முதல் தேர்வை 1913-இல் நடத்தியது. மொத்தம் 12 மணி நேரத் தேர்வு. எழுதியவர்கள் மூன்றே பேர், ஒருவரும் தேறவில்லை. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் எல்லாம் அதில் இருந்தன. இன்று நாம் லிசனிங் என்று சொல்லும் தனித் தாள் மட்டும் இல்லை. காதைச் சோதிக்க அரை மணி நேரம் சொல்வதெழுதுதல் வைத்தார்கள். பிற்காலத்தில் அது பழம்பாணி என்று ஒதுக்கப்பட்டது. தேர்வுமுறையாக அது எப்படியோ, பயிற்சியாக அதற்கு ஈடு சொல்வது கடினம்.

ஒரு நிமிட ஒலிப்பதிவு போதும். நிறுத்தி நிறுத்தி, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்திலாவது எழுதி வைக்க வேண்டும். பிறகு எழுத்து வடிவத்தை எடுத்து ஒப்பிட வேண்டும். 'ஷுடாவ்' என்று எழுதியிருந்தது 'ஷுட் ஹேவ்' என்று தெரியவரும்போது ஏற்படும் சின்ன அதிர்ச்சிதான் பாடம். முதன்முதலாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கண்டுகொள்வார்கள். தவறவிட்ட சொற்களில் பல ஆறாம் வகுப்பிலேயே படித்தவை. எழுத்தைப் பார்த்த பிறகு அதே ஒரு நிமிடத்தை மறுபடியும் கேட்டால், முன்பு முணுமுணுப்பாக இருந்தது சொற்களாகப் பிரிந்து நிற்கும். வாரனின் 20 பேருக்கு இருமலுக்குள் 'ஸ்' கேட்டது போலத்தான் இதுவும்: என்ன வரப்போகிறது என்று தெரிந்த மூளை காதுக்குக் கைகொடுக்கிறது.

இந்தக் கைகொடுத்தல் எவ்வளவு வலுவானது என்பதற்கு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் இருவரும் ஆங்கிலம் நன்கு அறிந்த டச்சு மாணவர்களுக்கு, ஸ்காட்லாந்துப் பேச்சு நிறைந்த 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' படத்தையோ 'காத் அண்ட் கிம்' என்ற ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரையோ 25 நிமிடம் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில சப்டைட்டில், சிலருக்கு டச்சு சப்டைட்டில், சிலருக்கு எதுவுமில்லை. பிறகு அதே பேச்சு வழக்கில் துண்டுகளை ஒலிக்கவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களின் காது நன்றாகப் பழகியிருந்தது. தாய்மொழி சப்டைட்டிலோடு பார்த்தவர்கள், புதிய பேச்சைக் கேட்கும்போது சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

கதை புரிய டச்சு எழுத்து உதவியது, உண்மைதான். ஆனால் ஒலிக்கும் சொல் ஆங்கிலத்திலும் கண்ணில் படும் சொல் டச்சிலும் இருந்தால், இந்த ஒலிக்கு இந்த எழுத்து என்ற பாடம் காதுக்குக் கிடைப்பதில்லை. ஆங்கிலப் படங்களைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்ப்பது இன்பமான பொழுதுபோக்கு. தேர்வுக்குப் பழகுகிறவர் மட்டும் ஆங்கில சப்டைட்டிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

பல நாட்டு உச்சரிப்புகள் வரும் என்பது இன்னொரு பயம். ஐஇஎல்டிஎஸ்ஸில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா என எந்த ஊர்க் குரலும் வரலாம். இந்தப் பயத்துக்கு அறிவியல் தரும் ஆறுதல் உண்டு. பழகாத உச்சரிப்பைக் கேட்கும் தாய்மொழிக்காரர்கள் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே அதற்கு இசைந்துவிடுகிறார்கள் என்று 2004-இல் கிளார்க், காரெட் ஆகியோர் கண்டார்கள். ஒரே உச்சரிப்பைப் பல குரல்களில் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே உச்சரிப்புள்ள புதிய குரலும் எளிதாகப் பிடிபடுகிறது என்று 2008-இல் பிராட்லோ, பென்ட் காட்டினார்கள். ஒரே யூடியூப் ஆசிரியரின் தெளிவான குரலை ஆறு மாதம் கேட்பதைவிட, பத்துப் பேரை ஆளுக்குக் கொஞ்சமாகக் கேட்பது மேல்.

இனி கண்ணுக்கு வரலாம். ரீடிங் தாளில் மூன்று பத்திகள், 40 கேள்விகள், 60 நிமிடம். நேரம் போதவில்லை என்பதுதான் பொதுப் புகார். அதற்கு மருந்தாக வேக வாசிப்புப் பயிற்சிகளை விற்கிறார்கள். மனத்துக்குள் உச்சரிக்காதே, வரியின் நடுவில் மட்டும் பார், பின்னோக்கிப் போகாதே என்பவை அந்தப் பயிற்சிகளின் வழக்கமான கட்டளைகள்.

கண் எப்படி வாசிக்கிறது என்பது இன்று நன்றாகவே தெரியும். பிரெஞ்சுக் கண் மருத்துவர் லூயி எமில் ஜாவாலின் ஆய்வுக்கூடத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள், வாசிக்கும் கண் வரியின் மீது வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்திப் போகிறது. ஒவ்வோர் இடத்திலும் சுமார் கால் விநாடி நிற்கிறது, பிறகு ஏழெட்டு எழுத்து தாவுகிறது. 1975-இல் ஜார்ஜ் மெக்கான்கி, கீத் ரேனர் இருவரும் கணினித் திரையில் ஒரு தந்திரம் செய்தார்கள். கண் பார்க்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளையெல்லாம் 'எக்ஸ்' ஆக்கினார்கள். கண் நகர நகர அந்தச் சாளரமும் நகரும். இந்த உத்தியில் பல ஆண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவு இதுதான்: ஆங்கிலம் வாசிப்பவருக்கு ஒரு பார்வையில் பயன்படுவது இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும் வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்தும். அதற்கப்பால் எல்லாம் 'எக்ஸ்' ஆக இருந்தாலும் வாசிப்பு தடைபடுவதில்லை. ஒரே பார்வையில் முழு வரியை அள்ளிவிடலாம் என்ற விளம்பரத்தை விழித்திரையே மறுத்துவிடுகிறது. பின்னோக்கித் தாவுவதும் குறையன்று. தேர்ந்த வாசகர்களின் கண்ணும் பத்துத் தாவலில் ஒன்றுக்கு மேல் பின்னால்தான் போகிறது, பிடிபடாததைப் பிடித்துக்கொள்ள.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தாளின் மூன்று பத்திகளிலும் சேர்த்து 2150 முதல் 2750 சொற்கள் வரை இருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் வாசிப்பதாக மார்க் பிரிஸ்பார்ட் 2019-இல் 190 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். அவருக்கு மூன்று பத்திகளையும் வாசிக்க 9 முதல் 12 நிமிடம் ஆகும். அதில் பாதி வேகத்தில் வாசிக்கும் நம் மாணவிக்கு 18 முதல் 23 நிமிடம். மீதி 37 நிமிடமாவது கையில் இருக்கிறது. பிறகு ஏன் போதவில்லை? ஒரே வாக்கியத்தை நான்கு தடவை படிப்பதால். கண்ணின் வேகம் அங்கே தடையில்லை, சொற்கள்தான் தடை.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்ற கேள்விக்கு ஹு, பால் நேஷன் இருவரும் 2000-இல் நேரடியாக விடை தேடினார்கள். ஒரு கதையில் சில சொற்களை எடுத்துவிட்டு, யாருக்கும் தெரிந்திருக்க முடியாத போலிச் சொற்களை வைத்தார்கள். ஐந்தில் ஒரு சொல் போலியாக இருந்தபோது ஒருவருக்குக்கூடக் கதை போதுமான அளவு புரியவில்லை. இருபதில் ஒரு சொல் போலியாக இருந்தபோதும் பலர் தடுமாறினார்கள். துணையின்றி வசதியாக வாசிக்க 98 சதவீதச் சொற்கள், அதாவது ஐம்பதில் நாற்பத்தொன்பது, தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நாளிதழும் நாவலும் அந்த அளவுக்குப் புரிய 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்று நேஷன் 2006-இல் கணக்கிட்டார். பேச்சுக்கு 6000 முதல் 7000 போதும். தெரியாத சொல்லை இடம் பார்த்து ஊகி என்ற அறிவுரை நல்லதுதான். சுற்றியிருக்கும் நாற்பத்தொன்பதும் தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

சொற்களுக்கு அடுத்தது உலக அறிவு. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசித்ததை ஒரு மாதிரி மைதானத்தில் மரப்பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் வல்லவர்களாக இருந்தும் பேஸ்பால் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். கிரிக்கெட் தெரியாத ஒருவருக்குத் தமிழில் ஸ்கோர் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தேர்வுப் பத்திகள் துறையறிவைக் கோருவதில்லை என்பது நியாயமான விதி. ஆனாலும் பனிப்பாறை, தொல்லியல், தேனீ, நகரத் திட்டமிடல் என்று பல துறைகளைப் பற்றித் தமிழிலேனும் படித்திருப்பவருக்குப் பத்தி பாதி தூரம் எதிர்கொண்டு வந்து வரவேற்கும்.

அதே அறிவு குழியும் பறிக்கும். சரி, தவறு, சொல்லப்படவில்லை என்று மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் மாணவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். தேனீக்கள் உணவு தேடி எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு பத்தி விளக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தேனீக்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது என்பது கேள்வி. மாணவி அதைச் செய்தியில் படித்திருக்கிறாள், மனத்துக்குள் உறுதியாக இருக்கிறது, 'சரி' என்று குறிக்கிறாள். பத்தியோ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் ஏமாளி இல்லை. வாசித்ததையும் ஏற்கெனவே அறிந்ததையும் பிசைந்து ஒரே காட்சியாக்கிக்கொள்வதுதான் புரிந்துகொள்ளுதல் என்பதே. வால்டர் கின்ட்ச் என்ற உளவியலாளர் இந்தக் காட்சியையும், நூல் சொன்னதை மட்டும் கொண்ட அடுக்கையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். இந்தக் கேள்வி வகை, ஒட்டிப்போன அந்த இரண்டு அடுக்குகளையும் மறுபடி உரித்தெடுக்கச் சொல்கிறது. ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் விரல் வைத்து வரியைக் காட்டிப் பழகினாலொழிய அது கைவராது.

கேள்விகள் ஏன் பத்தியின் சொற்களையே பயன்படுத்தாமல் வேறு சொற்களில் கேட்கின்றன என்பதற்கும் ஒரு பழைய சோதனையில் காரணம் கிடைக்கும். ஜாக்குலின் சாக்ஸ் 1967-இல் தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட்ட கதையை ஒலிக்கவிட்டு, நடுவில் நிறுத்தி, முன்பு வந்த ஒரு வாக்கியத்தைச் சற்று மாற்றிக் காட்டினார். கலிலியோவுக்கு ஒருவர் கடிதம் அனுப்பினார் என்பதை, கலிலியோவுக்குக் கடிதம் அனுப்பப்பட்டது என்று மாற்றினால், சுமார் 27 விநாடி கடந்தபின் கேட்டவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. கலிலியோ கடிதம் அனுப்பினார் என்று மாற்றினால் உடனே கண்டுபிடித்தார்கள். மனம் சொற்களை உமியைப் போல ஊதிவிட்டுப் பொருளை வைத்துக்கொள்கிறது. கேள்வியில் உள்ள அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று துழாவுகிறவர், பொருளைக் கேட்கும் தேர்வில் உமியைத் தேடிக்கொண்டிருக்கிறார். தேர்வு தயாரிப்பவர்களுக்கு அது தெரியும். அதே சொல் பெரும்பாலும் தவறான விடையின் அருகில்தான் இருக்கும்.

ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி நூல் ஒன்று நினைவாற்றல் ஆய்வின் வரலாற்றில் இடம்பிடித்த கதையும் உண்டு. 2006-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் தங்கள் சோதனைக்கு டோஃபெல் பயிற்சி நூலிலிருந்து இரண்டு பத்திகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, இன்னொன்று கடல் நீர்நாய்களைப் பற்றியது. ஒரு குழு பத்தியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மூன்று சுற்று பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 சதவீதம் எஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இன்னும் கவனிக்க வேண்டியது, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான்.

இந்தச் சோதனை அளந்தது நினைவை. வாசிப்புத் திறனை அளந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அத்தகைய பத்திகளைத் தேர்வுக்காகப் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. கேள்விகளுக்கு விடையெழுதி முடித்த பத்தியைத் தூக்கிப் போடாமல், மூடிவைத்துவிட்டு அது சொன்னதை எதிரில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கலாம், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. எங்கே தடுக்குகிறதோ அங்கே புரிதலில் ஓட்டை. ஒரு பத்தியோடு இப்படி ஒரு மணி நேரம் செலவிடுவது, அதே நேரத்தில் மூன்று புதுப் பத்திகளுக்கு விடை குறிப்பதைவிடப் பயனுள்ளது.

தேர்வை மாற்றினால் பயிற்சியும் தானே மாறிவிடாதா என்று கேட்கலாம். அதற்கு விடை தேடிய ஆய்வு இலங்கையில் நடந்தது. 1980களின் இறுதியில் அங்கே ஓ-லெவல் என்ற பள்ளித் தேர்வின் ஆங்கிலத் தாள் புதுப்பிக்கப்பட்டது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் இருவரும் வகுப்பறைகளைப் பல சுற்றுகள் கவனித்து 1993-இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் என்ன கற்பிக்கிறார்கள் என்பதைத் தேர்வு மாற்றியிருந்தது. எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை மாற்றவில்லை. கேள்வித்தாள் புதுசு, வகுப்பு பழசு.

அதற்குப் பத்தாண்டு முன்பே ஃபிஜித் தீவுகளில் வேறொரு முயற்சி நடந்திருந்தது. அங்கே தேர்வு எதையும் மாற்றவில்லை. வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் இருவரும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் எட்டுக் கிராமப்புறப் பள்ளிகளுக்கு, படங்கள் நிறைந்த 250 கதைப்புத்தகங்களை அனுப்பினார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 380 பேர். சில வகுப்புகளில் ஆசிரியர் புத்தகத்தை எல்லாருக்கும் காட்டி உரக்க வாசித்தார், பிள்ளைகளோடு சேர்ந்து பேசினார். மற்றவற்றில் பிள்ளைகள் அவரவர் விருப்பப்படி மௌனமாக வாசித்தார்கள். மாதிரி வினாத்தாள் கிடையாது. எட்டு மாதம் கழித்து அளந்தபோது, அந்தப் பிள்ளைகள் வழக்கமான வேகத்தைப் போல இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்வதில் மட்டுமில்லை, கேட்டுப் புரிந்துகொள்வதிலும். 20 மாதங்களில் அந்த முன்னேற்றம் எழுதுவது முதலான மற்ற மொழித்திறன்களுக்கும் பரவியிருந்தது.